முதல் கேம் கன்சோல்: எதை வாங்குவது, ஆன்லைனுக்கு எதற்குக் காசு?

கேம் கன்சோல் வாங்கக் கடைக்குப் போனால் பேச்சு உடனே டெராஃப்ளாப்ஸ், ரே டிரேசிங், 120 ஹெர்ட்ஸ் என்று ஏறிவிடும். முதல் தடவை வாங்குகிறவருக்கு இந்த எண்களால் பெரிய உபயோகம் இல்லை. கடை வாசலை மிதிக்கும் முன்பே அவர் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: யாரோடு விளையாடப் போகிறோம்? தனியாகவா, வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பியோடா, இல்லை வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்ட காலேஜ் நண்பர்களோடா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தக் கன்சோல், டிஸ்க் டிரைவ் வேண்டுமா, மாதச் சந்தா வேண்டுமா என்பதில் பாதிக்கு மேல் தானாகத் தீர்ந்துவிடும்.

கன்சோல் என்பது விளையாட்டுக்கென்றே செய்த கணினி. டிவியில் இணைத்து கண்ட்ரோலரைக் கையில் எடுத்தால் போதும்; கிராபிக்ஸ் கார்டு, டிரைவர் அப்டேட் என்ற தலைவலி கிடையாது. ஒரு மாடல் வைத்திருக்கும் எல்லோரிடமும் ஒரே இயந்திரம்தான் இருக்கிறது. அதனால் கேம் எழுதுகிறவர்கள் அதற்கே அளவெடுத்து எழுதுகிறார்கள்; ஐந்து வருடப் பழைய பெட்டியிலும் புது கேம் ஒழுங்காக ஓடும். பதிலுக்கு நீங்கள் விட்டுக்கொடுப்பது, வேறு கடைக்குப் போகும் வசதியை. கேமை எந்த ஸ்டோரில் வாங்கலாம், ஆன்லைனில் விளையாட எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அந்தப் பெட்டியைச் செய்த நிறுவனமே தீர்மானிக்கும்.

பெட்டி ஏன் அவ்வளவு சக்திக்கு மலிவாக இருக்கிறது என்பதற்கும் காரணம் இதுதான். 2021-ல் ஃபோர்ட்நைட் கேமைச் செய்த எபிக் நிறுவனத்துக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் சாட்சி சொன்ன எக்ஸ்பாக்ஸ் அதிகாரி லோரி ரைட், எக்ஸ்பாக்ஸ் கன்சோலை விற்று மைக்ரோசாப்ட் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்றார். லாபம் வருவது ஸ்டோரில் விற்கும் கேம்களில் இருந்து எடுக்கும் பங்கிலும் சந்தாவிலும்தான். ஆகவே கடையில் நீங்கள் கட்டும் பணம் முதல் தவணை. மீதித் தவணைகள் எவை, அவற்றில் எவற்றைத் தவிர்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

மூன்று குடும்பங்கள்

சந்தையில் இப்போது சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மற்றும் எஸ், நின்டென்டோவின் ஸ்விட்ச் ஆகிய மூன்று குடும்பங்கள் இருக்கின்றன.

பிளேஸ்டேஷன் 5 உலகச் சந்தைக்கு 2020 நவம்பரிலும் இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-லும் வந்தது. டிஸ்க் உள்ள மாடலின் விலை அப்போது 49,990 ரூபாய். 2022 நவம்பரில் அதை 54,990 ஆக்கினார்கள். பழைய தலைமுறைகளில் ஒரு கன்சோல் வயதாக வயதாக விலை இறங்கும். "இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் குறையும்" என்ற அந்தக் கணக்கு இந்தத் தலைமுறையில் பலிக்கவில்லை. பண்டிகைக் காலத் தள்ளுபடி வரும், அதைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் காத்திருப்பதில் பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2024 நவம்பரில் பிஎஸ்5 ப்ரோ வந்தபோது சோனி அதை இந்தியாவில் விற்கவில்லை. காரணம் விசித்திரமானது: அதிலுள்ள வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லை. இறக்குமதி விலை கொடுத்து அதைத் தேடிப் போவது முதல் கன்சோல் வாங்குகிறவருக்குத் தேவையே இல்லாத வேலை.

எக்ஸ்பாக்ஸ் 2020 நவம்பர் 10 அன்று இந்தியாவிலும் வந்தது. அப்போதைய விலை சீரிஸ் எக்ஸ் 49,990 ரூபாய், சீரிஸ் எஸ் 34,990. சின்னதான சீரிஸ் எஸ்-ஸில் டிஸ்க் டிரைவ் கிடையாது, பின்னால் சேர்க்கவும் முடியாது. முதலில் வந்த 512 ஜிபி மாடலில் கேம் போட மிஞ்சும் இடம் சுமார் 364 ஜிபிதான். பெரிய கேம் மூன்று நான்கு போட்டால் முடிந்தது. எக்ஸ்பாக்ஸில் மட்டுமே கிடைக்கும் கேம் என்பது இப்போது கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸின் செல்லப்பிள்ளையான ஃபோர்சா ஹொரைசன் 5 கூட 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் வாங்க மிச்சமிருக்கும் பெரிய காரணம் கேம் பாஸ் என்ற சந்தா. அதைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

நின்டென்டோ விஷயம் வேறு. 2017 மார்ச்சில் ஸ்விட்ச், 2025 ஜூன் 5-ல் ஸ்விட்ச் 2 வந்தன. கையில் வைத்தும் ஆடலாம், 'டாக்' என்ற தாங்கியில் செருகி டிவியிலும் ஆடலாம். மாரியோ, செல்டா, போக்கிமான் வேண்டுமென்றால் வேறு வழி இல்லை. பெட்டியோடு வரும் 'ஜாய்கான்' என்ற சின்னக் கண்ட்ரோலர் ஜோடியைப் பிரித்து ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஆட இரண்டாவது கண்ட்ரோலருக்குக் காசு போட வேண்டாம். குழந்தைகளோடு பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதற்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நின்டென்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. வருவதெல்லாம் இறக்குமதி, வாரன்ட்டி என்றால் கடைக்காரர் வாய்வார்த்தையாகத் தருவதுதான். இரண்டாவது, ஸ்விட்ச் 2-க்கு ஜப்பானில் மட்டும் விற்கும் மலிவுப் பதிப்பு ஒன்று உண்டு. அதில் ஜப்பானிய மொழி தவிர வேறு மொழி வராது, ஜப்பான் என்று பதிந்த கணக்கு மட்டுமே ஏற்கும். நம்ப முடியாத விலைக்கு ஸ்விட்ச் 2 தருகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

டிவி பற்றியும் ஒரு வார்த்தை. 4கே-யில் விநாடிக்கு 120 பிரேம் ஓட எச்டிஎம்ஐ 2.1 உள்ள டிவி தேவை என்பது உண்மை. ஆனால் அதற்காகப் புது டிவி வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கிற டிவியின் மெனுவில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். அது படத்தை மெருகேற்றும் வேலைகளை நிறுத்திவிடும், பட்டனை அழுத்தியதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் நடுவிலுள்ள தாமதம் குறையும். காசில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான்.

டிஸ்க்கா, டவுன்லோடா?

பிஎஸ்5-ல் டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் பத்தாயிரம் ரூபாய் குறைவாக அறிமுகமானது. பார்த்தவுடன் லாபம் மாதிரி தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சோனியின் புது கேம் ஒன்று 4,999 ரூபாய்க்கு வருகிறது. டிஸ்க்காக வாங்கினால் முடித்துவிட்டு விற்கலாம், நண்பரோடு மாற்றிக்கொள்ளலாம், யாரோ முடித்துவிட்டு விற்றதை வாங்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால் பழைய டிஸ்க் வாங்கி விற்கும் கடைகளைப் பார்க்கலாம். ஆன்லைன் விளம்பரங்களிலும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. டவுன்லோடாக வாங்கினால் அது உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். விற்கவும் முடியாது, கைமாற்றிக் கொடுக்கவும் முடியாது. விலை சொல்ல ஒரே ஒரு ஸ்டோர்தான். வருடத்துக்கு நாலு கேம் டிஸ்க்கில் வாங்கி விற்கிறவருக்கு அந்தப் பத்தாயிரம் சீக்கிரமே திரும்பிவிடும்.

அதனால் தனியாகக் கதை கேம் ஆடுகிறவர் என்றால் டிஸ்க் உள்ள பிஎஸ்5 என்பதே என் பரிந்துரை. ஒரே கேமை வருடக்கணக்கில் ஆடுகிறவர், உதாரணமாகக் கால்பந்து மட்டும் போதும் என்கிறவர், டிஜிட்டலே வாங்கலாம். பிஎஸ்5 ஸ்லிம் டிஜிட்டல் மாடலுக்கு டிரைவைத் தனியாக வாங்கிப் பின்னால் பொருத்தவும் வழி இருக்கிறது. முதல் தடவை பொருத்தும்போது மட்டும் இணையம் வேண்டும்.

டிஸ்க் வாங்கினாலும் டவுன்லோடிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது. கேமை இன்ஸ்டால் செய்துதான் ஆட வேண்டும், அதற்கு மேல் 'பேட்ச்' என்று திருத்தங்கள் பல ஜிபி வரும். ஸ்விட்ச் 2-ல் இன்னும் ஒரு படி மேல்: 'கேம் கீ கார்டு' என்று விற்கும் சில அட்டைகளில் கேமே இருக்காது, டவுன்லோட் செய்யும் உரிமை மட்டும் இருக்கும். அட்டைப் பெட்டியின் முன்பக்கத்திலேயே அதை எழுதியிருப்பார்கள்.

ஆன்லைன் சந்தா என்பது எதற்கு?

வீட்டில் பிராட்பேண்டுக்குக் காசு கட்டுகிறோம், கேமுக்கும் காசு கொடுத்தோம், பிறகு ஆன்லைனில் ஆட மூன்றாவது தடவை ஏன் கட்ட வேண்டும்? கேட்க வேண்டிய கேள்விதான். இந்த வழக்கத்தைப் பெரிய அளவில் நிலைநாட்டியது 2002 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் லைவ். பிஎஸ்3 காலத்தில் சோனி ஆன்லைன் ஆட்டத்துக்குக் காசு கேட்கவில்லை. 2013-ல் பிஎஸ்4 வந்தபோது அதுவும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவைக் கட்டாயமாக்கியது. நின்டென்டோ 2018 செப்டம்பரில் சேர்ந்துகொண்டது. கணினியில் இன்றைக்கும் இந்தக் கட்டணம் கிடையாது. அந்தந்த கேமின் சர்வரைப் பெரும்பாலும் நடத்துவது கேம் நிறுவனம், கன்சோல் நிறுவனம் அல்ல. எனவே தொழில்நுட்பத் தேவைக்காக வசூலிக்கிறார்கள் என்று நம்ப வேண்டாம். கட்ட ஆள் இருக்கிறது, வாங்குகிறார்கள்.

முக்கியமான விலக்கு ஒன்று உண்டு, கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டியூட்டி வார்ஸோன், ராக்கெட் லீக், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் மாதிரி இலவசமாகவே தரும் கேம்களை ஆட பிளேஸ்டேஷனில் சந்தா தேவையில்லை. எக்ஸ்பாக்ஸும் 2021 ஏப்ரலில் இலவச கேம்களுக்கு இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. உங்கள் நண்பர்கள் ஆடுவது இவற்றில் ஒன்றுதான் என்றால் பில் போடும்போது "ஒரு வருடச் சந்தா கார்டும் சேர்த்துத் தரட்டுமா?" என்பதற்கு "வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். தனியாக ஆடும் கேம்களுக்கும் அது வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய கேமில் மற்றவர்களோடு ஆன்லைனில் மோதத்தான் சந்தா: இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி, ஜிடிஏ ஆன்லைன் போன்றவை.

பிளேஸ்டேஷன் பிளஸ் 2022 ஜூனிலிருந்து மூன்று படிகளாக இருக்கிறது. அடிப்படையான எசென்ஷியலில் ஆன்லைன் ஆட்டமும் மாதாமாதம் சில கேம்களும் வரும். அதற்கு மேலான எக்ஸ்ட்ராவில் நூற்றுக்கணக்கான கேம்கள் கொண்ட நூலகம் சேரும். உச்சப் படிக்கு மற்ற நாடுகளில் பிரீமியம் என்று பெயர்; இந்தியாவில் கிளவுட் வசதி இல்லாமல் டீலக்ஸ் என்ற பெயரில் வந்தது. 2023 செப்டம்பரில் எசென்ஷியலின் வருடச் சந்தா 2,999-லிருந்து 3,949 ரூபாய்க்கும், எக்ஸ்ட்ரா 4,999-லிருந்து 6,699-க்கும் ஏறின. கன்சோலை ஐந்து வருடம் வைத்திருப்பவர் எசென்ஷியல் மட்டும் தொடர்ந்து கட்டினாலே அந்த விலையில் இருபதாயிரம் நெருங்கும்.

எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் 2017-ல் வந்தபோது உண்மையிலேயே அள்ளிக் கொடுத்தார்கள். 2018-லிருந்து மைக்ரோசாப்டின் சொந்த கேம்கள் வெளியான நாளிலேயே நூலகத்தில் கிடைக்கத் தொடங்கின. 2025 அக்டோபரில் படிகளை எசென்ஷியல், பிரீமியம், அல்டிமேட் என்று மாற்றியபோது இந்தியாவில் அல்டிமேட் மாதத்துக்கு 829-லிருந்து 1,389 ரூபாய் ஆனது. அந்த விலையில் வருடத்துக்குப் பதினாறாயிரத்துக்கு மேல். மாதத்துக்கு இரண்டு மூன்று கேம் புரட்டிப் பார்க்கிறவருக்கு இது இன்னமும் கட்டுப்படியாகும். வேலை முடிந்து வந்து வாரக் கடைசியில் மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆடுகிறவருக்குக் கட்டாது. நூலகத்தில் கேம்கள் வந்து போய்க்கொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பாதியில் இருக்கும்போதே ஒன்று காணாமல் போகலாம். சந்தாவை நிறுத்தினால் பிளேஸ்டேஷன் பிளஸ் 'தந்த' மாதக் கேம்களும் பூட்டிக்கொள்ளும்.

வீட்டில் நாலு பேருக்கு நாலு சந்தா வேண்டியதில்லை. பிஎஸ்5-ல் 'கன்சோல் ஷேரிங்' என்ற வசதியை ஆன் செய்தால், ஒருவர் கட்டிய சந்தாவில் அதே கன்சோலில் உள்ள மற்றவர்களும் தங்கள் கணக்கிலிருந்து ஆன்லைனில் ஆடலாம். எக்ஸ்பாக்ஸில் 'ஹோம் எக்ஸ்பாக்ஸ்' என்று இருக்கிறது. இரண்டுமே செட்டிங்ஸில் உள்ளே தள்ளி இருக்கும்.

நண்பர்களிடம் வேறு கன்சோல் இருந்தால்? கேமுக்குக் கேம் மாறும். சோனி 2018 செப்டம்பரில் ஃபோர்ட்நைட்டில் தொடங்கி மற்ற கன்சோல்காரர்களோடு ஆட அனுமதித்தது. மைன்கிராஃப்ட், ராக்கெட் லீக், ஃபோர்ட்நைட் எல்லாம் இப்போது யார் வேண்டுமானாலும் யாரோடும் ஆடலாம். ஜிடிஏ ஆன்லைனில் முடியாது. எல்லோரிடமும் ஒரே குடும்பக் கன்சோல் இருந்தாக வேண்டும். நண்பர்கள் குழுவில் ஒரு கேமுக்காகவே கன்சோல் வாங்குகிறீர்கள் என்றால், வேறு எதைப் பார்ப்பதற்கும் முன்பு அந்த கேமில் 'கிராஸ் பிளே' உண்டா என்று பாருங்கள்.

நெட் வேகமாக இருந்தும் ஏன் லேக் அடிக்கிறது?

300 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன், இருந்தும் நான் சுடுவதற்கு முன் செத்துப் போகிறேன் என்பது எல்லாக் கேமர்களின் புலம்பல். எம்பிபிஎஸ் என்பது பஸ்ஸில் எத்தனை பேர் உட்காரலாம் என்பது மாதிரி. பஸ் பெரிதானால் மதுரைக்குச் சீக்கிரம் போய்விட முடியாது. ஆன்லைன் ஆட்டத்துக்கு முக்கியம் பயண நேரம். உங்கள் பட்டன் அழுத்தம் சர்வருக்குப் போய் பதில் திரும்பி வர ஆகும் நேரத்தைப் பிங் என்கிறார்கள், மில்லி விநாடிகளில் அளக்கிறார்கள்.

இதில் ஒரு பகுதியை யாராலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து கடலடியில் சிங்கப்பூருக்குப் போகும் கேபிள்கள் 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளம். போய்த் திரும்பினால் 6,000-க்கு மேல். எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் 30 மில்லி விநாடி ஆகிவிடும். நடுவில் ரவுட்டர்கள், உங்கள் வீட்டு வைஃபை, சர்வர் யோசிக்கும் நேரம் எல்லாம் இதன் மேல் ஏறும். விநாடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் ஒரு பிரேம் 16.7 மில்லி விநாடி. பிங் 50 என்றால் மூன்று பிரேம் பழைய உலகத்தைப் பார்த்து ஆடுகிறீர்கள்; பெரும்பாலானோருக்கு அது தெரியவே தெரியாது. 150 தாண்டினால் ஒன்பது பிரேம், அதாவது எதிராளி சுவருக்குப் பின்னால் போன பிறகும் உங்கள் திரையில் வெளியே நிற்பார்.

ஆகவே ஒரு கேமை வாங்கும் முன், அதன் சர்வர் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மும்பையில் இருந்தால் ஜமாய்க்கலாம். சிங்கப்பூர் என்றால் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பரவாயில்லை. கேபிள் சென்னையில் கரையேறுவதால் டெல்லிக்காரரை விட நமக்குக் கொஞ்சம் சாதகம்கூட. ஐரோப்பாவில் மட்டும்தான் என்றால் சண்டை, துப்பாக்கி கேம்களை மறந்துவிடலாம். நிதானமாகக் கட்டி எழுப்பும் கேம்கள், முறை வைத்து ஆடும் கேம்கள் ஓடும்.

ஆடும்போது டேட்டா அதிகம் செலவாவதில்லை. மணிக்குச் சில நூறு எம்பிக்குள் முடிந்துவிடும். வேகம் தேவைப்படுவது டவுன்லோடுக்கு. 100 ஜிபி கேம் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்க இரண்டேகால் மணி நேரம். 30 எம்பிபிஎஸ் என்றால் ஏழரை மணி நேரம், இரவு போட்டுவிட்டுத் தூங்க வேண்டியதுதான். தினம் 2 ஜிபி தரும் மொபைல் பிளானில் ஹாட்ஸ்பாட் போட்டு அதே கேமை இறக்க ஐம்பது நாள் ஆகும். டிஸ்க்குக்கு இதுவும் ஒரு வாதம்.

நம்மால் சரிசெய்யக் கூடியது வீட்டுக்குள் இருக்கும் பகுதி. ரவுட்டரிலிருந்து கன்சோலுக்கு ஒரு லேன் வயர் இழுத்துவிடுங்கள். வைஃபையில் பிங் சராசரியாக நன்றாக இருந்தாலும் திடீர் திடீரென்று எகிறும். ஆட்டத்தைக் கெடுப்பது அந்த எகிறல்தான். வயர் இழுக்க முடியாவிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைப்பது நல்லது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழ இரண்டு நிமிடம் எடுத்தால், மேட்ச்சிலிருந்து வெளியே தள்ளிவிடுவார்கள்.

கன்சோலின் நெட்வொர்க் சோதனையில் 'நாட் டைப்' என்று ஒன்று வரும்; மற்றவர்களின் கன்சோல் உங்கள் கன்சோலோடு எவ்வளவு எளிதாக இணைய முடியும் என்பதன் அளவு அது. பிளேஸ்டேஷனில் 1, 2, 3 என்றும் எக்ஸ்பாக்ஸில் ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் என்றும் காட்டும். 3 அல்லது ஸ்ட்ரிக்ட் என்று வந்தால் நண்பரின் பார்ட்டியில், அதாவது குழு அரட்டையில், பேச்சுக் கேட்காது, சில மேட்ச்சுகளில் சேரவே முடியாது. நம் ஊர் இணைய நிறுவனங்கள் பலவும் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால் இது அடிக்கடி வரும். முதலில் ரவுட்டரில் யுபிஎன்பி (கன்சோலுக்கு வேண்டிய வழியை ரவுட்டரே திறந்துவிடும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சரியாகாவிட்டால் நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பொது ஐபி, அதாவது உங்கள் வீட்டுக்கென்றே ஒரு வெளி முகவரி, கேளுங்கள். சிலர் கூடுதல் கட்டணத்தில் தருவார்கள்.

கன்சோலே இல்லாமல், கிளவுடில்?

கேம் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும், உங்களுக்கு அதன் வீடியோ மட்டும் வரும். இதுதான் கிளவுட் கேமிங். மேலே சொன்ன பிங் இங்கே இன்னும் கடுமையாகக் கடிக்கும்; தனியாக ஆடும் கேமில்கூடப் பட்டன் அழுத்தம் சர்வருக்குப் போய் வந்தாக வேண்டும். கூகுள் ஸ்டேடியா 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரி 18-ல் கடையைக் கட்டியது. நல்லவேளை, கேம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்திருக்கிறது. கேம் பாஸ் சந்தாவோடு மொபைலிலோ சில ஸ்மார்ட் டிவிகளிலோ ஆடலாம். கன்சோல் வாங்கும் முன் இந்தப் பொழுதுபோக்கு நமக்கு ஒத்துவருமா என்று ஒரு மாதம் பார்க்க இது நல்ல வழி. முழுநேர மாற்றாக இப்போதைக்கு நான் சொல்ல மாட்டேன்.

சர்வரை மூடினால்?

ஆன்லைன் கேமின் ஆயுள் நம் கையில் இல்லை. யூபிசாஃப்டின் 2014-ஆம் வருடக் கார் ஓட்டும் கேமான தி க்ரூ-வின் சர்வர்களை 2024 மார்ச் 31-ல் மூடினார்கள். தனியாக ஓட்டக்கூட இணையம் வேண்டியிருந்த கேம் அது. டிஸ்க் வைத்திருந்தவர்களிடம் வெறும் பிளாஸ்டிக் வட்டு மிஞ்சியது. சோனியின் கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியாகி இரண்டு வாரத்தில் இழுத்து மூடப்பட்டது. பணம் திரும்பக் கிடைத்தது. 2011-ல் ஹேக்கர்கள் புகுந்ததால் பிளேஸ்டேஷனின் மொத்த வலையமைப்பும் மூன்று வாரத்துக்கு மேல் படுத்துக் கிடந்தது. இதற்காக ஆன்லைன் கேமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐயாயிரம் ரூபாய் கேமின் அட்டையில் 'எப்போதும் இணையம் தேவை' என்று இருந்தால், விலை குறையும் வரை பொறுத்து வாங்கினால் நஷ்டம் குறைவு. புதிதாக வந்த ஆன்லைன் கேமுக்கு ஆள் சேருகிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன்

இலவச கேம்கள் சம்பாதிப்பது உடை, நடனம், சீசன் பாஸ் விற்று. சில கேம்களில், குறிப்பாகக் கால்பந்து கேம்களின் அட்டைப் பொதிகளில், என்ன கிடைக்கும் என்று தெரியாமலே காசு கொடுக்க வேண்டும். பெல்ஜியம் 2018-ல் இதைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதையடுத்து, அந்தக் கால்பந்து கேமைச் செய்யும் இஏ நிறுவனம் பொதி வாங்க உதவும் பாயிண்ட்களை அங்கே விற்பதை நிறுத்தியது. இங்கே அப்படி ஒரு தடுப்பு இல்லை. தமிழ்நாட்டின் 2022 சட்டமும் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமும் குறிவைப்பது ரம்மி மாதிரி பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆட்டங்களை. கன்சோலில் கால்பந்து ஆடும் பையனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே காவல் வீட்டில்தான்.

மூன்று கன்சோல்களிலும் குழந்தைக் கணக்கு தொடங்கும் வசதி உண்டு. வயது வரம்பு, நேர வரம்பு, யார் பேசலாம் என்பதையெல்லாம் பெற்றோர் மொபைலிலிருந்தே மாற்றலாம். பையனின் வயதைக் கூட்டிப் போட்டு பெரியவர் கணக்காகத் தொடங்கிவிட்டால் இதெல்லாம் கிடைக்காது. பலர் அவசரத்தில் இதைத்தான் செய்கிறார்கள். கார்டு விவரத்தைக் கன்சோலில் சேமிக்க வேண்டாம். கடைகளில் கிடைக்கும் வாலட் கோடு வாங்கி ஏற்றுங்கள். அந்தத் தொகை தீர்ந்தால் செலவும் நிற்கும்.

சந்தா எடுக்கத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தால் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். இரவு எட்டு மணிக்குமேல், வீட்டில் இன்னொருவர் சீரியல் ஸ்ட்ரீம் செய்துகொண்டிருக்கும்போது, உங்கள் நண்பர்கள் ஆடும் அந்த ஒரு கேமை ஆடிப் பாருங்கள். எல்லோர் வீட்டு நெட்டும் நெரிசலாக இருக்கும் நேரம் அதுதான். சரியாக ஓடினால் வருடச் சந்தா லாபம். வாங்கிய கையோடு செட்டிங்ஸில் ஆட்டோ ரினியூவல் ஆன் ஆகியிருக்கும், அதை அணைத்துவிடுங்கள்.